ஹாரனை நான் கெடுக்கவில்லை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குட்டியானையின் ஹாரன் நின்றுபோனதற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அன்றைக்கும் இதைத்தான் தொண்டை கிழியச் சொன்னேன். ஒன்பது வயதுப் பிள்ளை சொன்னால் யார் காதில் ஏறும்? இன்றைக்கு எனக்கென்று ஒரு ஸ்கூட்டர் இருக்கிறது, அதற்கு ஃபியூஸ் போனால் நானே மாற்றிக்கொள்கிறேன். இருந்தும் அந்தப் புரட்டாசி மாதத்தை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

குட்டியானை என்பது அப்பா ஓட்டிய சின்ன லோடு வண்டி. எங்கள் வீடு ராஜபாளையத்தில். தளவாய்புரத்தில் தைத்து முடித்த நைட்டிகளை மூட்டை மூட்டையாக ஏற்றிவந்து ராஜபாளையம் லாரி ஆபீஸில் இறக்குவதுதான் அப்பாவின் வாடிக்கை லோடு. இடையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஏதாவது கிடைத்தால் அங்கேயும் ஒரு நடை போய்வருவார். மத்தியானம் சாப்பாட்டுக்கு, சாயங்காலம் காப்பிக்கு, பொழுது சாய்ந்து ஒரு தடவை என்று நாளைக்கு மூன்று முறை வண்டி வீட்டுக்கு வரும்.

வந்ததும் அப்பா இறங்க மாட்டார். ஹாரன் அடிப்பார். அவர் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "ஏட்டி" என்றுகூடக் கூப்பிட மாட்டார். தெருவில் மற்ற ஆண்கள் பிள்ளையின் பேரைச் சொல்லிப் பெண்டாட்டியைக் கூப்பிடுவார்கள், எங்கள் அப்பாவுக்கு அந்தச் சிரமமும் கிடையாது. ஒரு நீள ஹாரன் என்றால் கேட்டைத் திற. இரண்டு குட்டை என்றால் தண்ணீர் கொண்டு வா. ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் சோற்றைப் போடு, உடனே கிளம்பணும். செல்போன் இருந்தது, அது லோடு பேசுவதற்கு. இந்த ஹாரன் பாஷை தெருவுக்கே மனப்பாடம். அம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தால், பக்கத்து வீட்டு அத்தை, அப்பாவின் அக்கா, "ஏட்டி, தண்ணி கேக்கான் பாரு" என்று அங்கிருந்தே சத்தம் கொடுப்பாள். தலையில் தேய்த்த சீயக்காய் வழிய வழிய அம்மா கேட்டுக்கு ஓடியதை நானே பார்த்திருக்கிறேன். எனக்கு அப்போது அது சிரிப்பாக இருந்தது.

அந்த ஹாரன்மேல் எனக்கு ஆசை உண்டு. அமுக்கினேன், இல்லையென்று சொல்லவில்லை. வண்டி வீட்டில் நின்றால் ஏறி உட்கார்ந்து இரண்டு அமுக்கு அமுக்காமல் இறங்க மாட்டேன். எந்தப் பிள்ளைதான் அமுக்காது? அதற்காகக் கெடுத்தவள் நான்தான் என்று ஆகிவிடுமா?

வினை ஆரம்பித்தது ஆயுத பூசை அன்று. வண்டியைக் கழுவுகிறேன் என்று அப்பா மோட்டாரைப் போட்டு, தண்ணீர் டியூப்பை வண்டியின் முன்பக்கச் சந்துக்குள்ளேயே சொருகி அடித்தார். ஹாரன் இருப்பது அங்கேதான். அப்புறம் சந்தனம். ஸ்டீயரிங்குக்குப் பொட்டு, கண்ணாடிக்குப் பொட்டு, நாலு டயருக்கும் பொட்டு. சோறு போடுகிற ஆயுதத்தில் ஹாரனும் சேர்த்திதானே என்று அதன் வாயிலும் ஒரு கை சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தார். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக் கிளம்பும்போது ஹாரன் சளி பிடித்தவர்போலக் கொர்ரென்று இருமியது. தெரு முக்கு திரும்புவதற்குள் ஒரேயடியாக நின்றுவிட்டது.

"காலையிலருந்து பிள்ள அமுக்கிக்கிட்டே கெடந்தா. பொறவு எப்பிடி இருக்கும்?" என்றாள் அத்தை.

எடுத்த எடுப்பில் தீர்ப்பு. தண்ணீரைப் பீய்ச்சியவர்மேல் குற்றமில்லை, சந்தனத்தை அப்பியவர்மேல் குற்றமில்லை. அப்பாவும் தலையை ஆட்டினார். "நான் இல்ல, சந்தனம்தான்" என்று நான் சொன்னதற்கு, சாமி காரியத்தைக் குறை சொல்கிறேன் என்று தனியாக ஓர் ஏச்சு விழுந்தது.

மறுநாள் காலையில் அப்பா ஹாரனைக் கழற்றி, சந்தனத்தைச் சுரண்டி, வெயிலில் காயப்போட்டார். ஃபியூஸ் பெட்டி ஸ்டீயரிங்குக்கு அடியில், முழங்கால் இடிக்கிற இடத்தில் இருந்தது. அப்பாவுக்குக் கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. அம்மாதான் டார்ச் அடித்து, மூடியில் போட்டிருந்த சின்னப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, "இந்தா இருக்கு, ஹாரன் படம் போட்டது" என்று காட்டினாள். நகத்தளவு நீலப் பிளாஸ்டிக். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே கம்பி கருகி அறுந்திருந்தது. புதியதைச் சொருகியதும் ஹாரன் பழையபடி அலறியது. செத்த ஃபியூஸை அப்பா வண்டிக்குள் முன்னால் இருந்த தட்டில் போட்டுவைத்தார். அவர் எதையும் தூரப் போட மாட்டார், துருப்பிடித்த ஆணியைக்கூட.

அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுச் செத்த நேரம் கண்ணசந்து எழுந்தவர், வண்டியை எடுத்தால் ஹாரன் இல்லை. பார்த்தால் ஃபியூஸ் கருகிக் கிடக்கிறது. வேறு மாற்றினார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அதே கதை. இரண்டு தடவையும் அவர் தூங்குகிற நேரத்தில் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தது யார்? நான்தான். காலாண்டு லீவு, வேறு எங்கே போவேன்? பிறகென்ன, என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னொரு தடவ ஹாரன் போகட்டும், சனிக்கிழமை மலைக்கு ஒன்னையக் கூட்டிட்டுப் போக மாட்டேன்" என்றார் அப்பா.

மலை என்றால் திருவண்ணாமலை. வடக்கே தீபம் ஏற்றுகிற ஊரை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் பெருமாள் நிற்கிற குன்று. புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் குட்டியானையின் பின்னால் ஏறிக்கொள்ளும். முன் சீட்டு எனக்கு. வருஷத்தில் ஒரு நாள் நான் ராணி. அந்த ஒரு நாளைப் பிடுங்கப் பார்க்கிறார்கள், அதுவும் செய்யாத குற்றத்துக்கு. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முன்னால் வந்தது.

ஹாரன் இல்லாத நாட்களில் அப்பா ரோட்டில் பட்ட பாடு தனிக்கதை. கையை வெளியே விட்டுக் கதவைப் படபடவென்று தட்டிக்கொண்டே ஓட்டினார். வீட்டுக்கு வந்தால் அதற்கும் வழியில்லை. அவரே இறங்கி, கேட்டைத் திறந்து, வண்டியை உள்ளே விட்டு, அடுப்படி வரைக்கும் நடந்து வந்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அப்படி வந்தபோது அம்மா அப்போதுதான் மத்தியானச் சோற்றைத் தட்டில் போட்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"இப்பத்தான் சாப்பிடுதியா? சாப்பிடு, சாப்பிடு. காப்பி மெதுவா போடலாம்" என்றார்.

அம்மா எழுந்திருக்கவில்லை. அப்பா சுவரில் சாய்ந்து நின்று, தளவாய்புரத்தில் ஒருவன் கட்டிய மூட்டை நடுரோட்டில் அவிழ்ந்து, பூப்போட்ட நைட்டி ஒன்று பஸ் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். அம்மாவுக்குப் புரையேறுகிற அளவு சிரிப்பு. நான் அங்கே கூடத்தில் நியாயம் கிடைக்காமல் குமைந்துகொண்டிருக்கிறேன், இவர்கள் இங்கே நைட்டிக் கதை பேசிச் சிரிக்கிறார்கள். எனக்கு இன்னும் எரிந்தது.

புதன்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஒயரிங் கடைக்கு வண்டியைக் கொண்டுபோனார் அப்பா. குற்றவாளியையும் கூடவே கூட்டிப்போனார். கடைக்காரர் ஒல்லியான ஆள், வெற்றிலைச் சாற்றை வாயில் தேக்கிக்கொண்டே பேசுவார். பேட்டரியிலிருந்து இரண்டு ஒயரை இழுத்து ஹாரனில் நேராகத் தொட்டார். அலறியது. "ஹாரன்ல கோளாறு இல்ல" என்றார். ஸ்டீயரிங் நடுவிலிருந்த மூடியைக் கழற்றி, பித்தானுக்கு அடியில் உப்புத்தாளால் தேய்த்தார். அதிலும் கோளாறு இல்லை. ஃபியூஸைப் பார்த்தார், கருகியிருந்தது. "அப்பம் எங்கயோ ஷார்ட்டு அடிக்கி" என்று ஒயரைச் சுற்றியிருந்த டேப்பையெல்லாம் உரித்தார். ஒரு மணி நேரம் தேடியும் ஒரு கீறல் கிடையாது. எல்லாவற்றையும் திரும்பச் சுற்றி, புது ஃபியூஸைப் போட்டுவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொம்பளப் பிள்ளைய எதுக்குண்ணே வண்டியில ஏத்துதீக? சூடேற அமுக்கிக்கிட்டே இருந்தா ஃபியூஸ் போகத்தான செய்யும்."

ஷார்ட்டைக் கண்டுபிடிக்கத் துப்பில்லை, பழி என் தலையில். ஆண் பிள்ளை அமுக்கினால் மட்டும் ஃபியூஸ் குளுகுளுவென்று இருக்குமா? இதைக் கேட்க அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. இப்போது அந்தக் கடை இருந்தால் போய்க் கேட்கலாம் என்றுகூடத் தோன்றுகிறது.

வியாழக்கிழமை மத்தியானம் ஹாரன் மறுபடியும் போனது. அன்றைக்கு நான் வண்டிப் பக்கமே போகவில்லை. சத்தியம் செய்தேன். சாமி படத்தில் கை வைத்தேன். முதுகில் ஒன்று விழுந்ததுதான் மிச்சம். அம்மா ஓடிவந்து தடுத்தாள். "விடுங்க, பச்சப் பிள்ளைய அடிக்காதீக. வண்டின்னா அப்பிடி இப்பிடித்தான் இருக்கும்" என்று என்னை இழுத்து முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டாள். வீட்டில் எனக்கென்று இருக்கிற ஒரே ஆள் அம்மாதான் என்று அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் மறுபடி ஒயரிங் கடை. இந்தத் தடவை அந்த ஆள் ஒயரைத் தொடவில்லை. தட்டில் கிடந்த போல்ட்டு, ஆணிகளை விரலால் கிளறினார்.

"எத்தன ஃபியூஸ் போச்சு?"

"இதோட நாலு" என்றார் அப்பா.

"செத்ததத் தூரப் போட்டுட்டீகளா?"

"நான் எதையும் தூரப் போட மாட்டேன். இந்தத் தட்டுலதான் போடுவேன்."

"அப்பம் செத்தது நாலு கெடக்கணும்லா? தட்டு காலியா இருக்கே. பெட்டிக்குள்ள இருக்க ஒன்னுதான இருக்கு?" அவர் சாற்றைத் துப்பிவிட்டு வந்தார். "அண்ணே, ஷார்ட்டும் இல்ல, ஒன்னும் இல்ல. முதல்ல செத்த ஃபியூஸே திரும்பத் திரும்ப உள்ள போகுது. யாரோ நல்லத உருவிட்டு இத வைக்காக."

இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். இதுவரைக்கும் நான் விளையாட்டுப் பிள்ளை. அந்த நிமிஷத்திலிருந்து திருடி. அப்பா அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. "நாளைக்கு நீ மலைக்கு வரல" என்று மட்டும் சொல்லிவிட்டு, ராஜபாளையம் வருகிறவரைக்கும் என் பக்கம் திரும்பவே இல்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை.

வீட்டு வாசலில் புது ஃபியூஸின் தெம்பில் ஒரு நீளம், இரண்டு குட்டை. அம்மா ஓடிவந்து கேட்டைத் திறந்தாள். கடையில் நடந்ததை அப்பா அவளிடம் சொல்லவில்லை. சாப்பிட்டார், ஃபேனுக்கு அடியில் படுத்தார். நான் ரோஷத்தில் சாப்பிடவில்லை. வண்டியின் பின்னால் ஏறித் தார்ப்பாய்க்கு அடியில் புகுந்துகொண்டேன். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்து, அப்பா கையால் எனக்கு நியாயம் வாங்காமல் இறங்குவதில்லை என்று முடிவு. எதிர் வீட்டுப் பையன்மேல்தான் எனக்குச் சந்தேகம். வெயிலில் தகரம் கொதித்தது, நைட்டிக் கஞ்சி வாடை மூக்கில் ஏறியது. ஆனாலும் அசையவில்லை.

முன்கதவு மெதுவாகத் திறந்தது. டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்த சின்னக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஸ்டீயரிங்குக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது என் அம்மா. மூடியைக்கூடப் பார்க்கவில்லை, கை தானாகப் போய்ச் சரியான ஃபியூஸைப் பிடுங்கியது.

தார்ப்பாயைத் தள்ளிவிட்டுக் குதித்தேன். "நீயா? நீயாம்மா?"

அம்மா பாய்ந்துவந்து என் வாயைப் பொத்தப் பார்த்தாள். "ஏட்டி, சத்தம் போடாத. அப்பா முழிச்சிருவாக."

"ஒன்னாலதான் என்னைய மலைக்கு வர வேண்டாம்ட்டாக! திருடிங்காக!"

அவள் முகம் அப்படியே சுண்டிவிட்டது. "இது எனக்குத் தெரியாதுட்டி. சத்தியமா தெரியாது. நீ மலைக்குப் போவ, அதுக்கு நான் ஆச்சு. முன் சீட்டுலதான் போவ. இத மட்டும் அப்பாட்ட சொல்லாத. என் கண்ணுல்ல?"

மலைக்குப் போவது மட்டுமா என் பிரச்சினை? எட்டு நாள் ஏச்சு, முதுகில் அடி, கடைக்காரன் பார்த்த பார்வை, என் பேர் கெட்டுப்போனது. முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டாளே, அப்போது நல்ல ஃபியூஸை எங்கே வைத்திருந்தாள்? அவள் கையை உதறிவிட்டு உள்ளே ஓடி, "அம்மாதான்! அம்மாதான்! நான் இல்ல!" என்று கத்திய கத்தில் அப்பா அரண்டு எழுந்தார். பக்கத்து வீட்டிலிருந்து அத்தையும் ஓடிவந்தாள்.

அம்மா நேராக அடுப்படிக்குப் போய் அஞ்சறைப் பெட்டியை எடுத்துவந்தாள். சீரகத்துக்கு அடியிலிருந்து மூன்று நீல ஃபியூஸ்களை எடுத்து, கையிலிருந்ததையும் சேர்த்து அப்பாவின் முன்னால் வைத்தாள். அப்பா ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார்.

"எதுக்கு?" என்றார்.

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஹாரன் இல்லேன்னா நீங்க உள்ள வந்து கூப்பிடுதீக. சாப்பிட்டியான்னு கேக்கீக. அதுக்குத்தான்."

அத்தைதான் முதலில் சிரித்தாள். "நல்லாருக்குட்டி கத! ஊருல எல்லாவளுக்கும் புருசன் வந்து காதுக்குள்ளயா கூப்பிடுதான்?" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா அத்தை முகத்தைப் பார்த்தார், அம்மா முகத்தைப் பார்த்தார், அவரும் சிரித்துவிட்டார். "கிறுக்குப் பிடிச்ச கழுத" என்று சொல்லிக்கொண்டே வண்டிக்குப் போய், ஃபியூஸைச் சொருகி, பெட்டியின் மூடியில் கறுப்பு டேப்பை நாலு சுற்றுச் சுற்றினார். அம்மாவும் ஒரு மாதிரிச் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவள் சொல்கிற சாக்கா இது? எட்டு நாள் என்னை அழவைத்ததற்கு இதெல்லாம் ஒரு காரணமா? அதைவிட அநியாயம், என்னிடம் ஒருத்தர்கூட, தெரியாமல் ஏசிவிட்டோம் என்று சொல்லவில்லை.

நான் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்ததைப் பார்த்து அப்பாதான் கடைசியில் சமாதானத்துக்கு வந்தார். "நாளைக்கு ஹாரன் பூராவும் ஒனக்குத்தான். எம்புட்டு வேணும்னாலும் அடிச்சுக்கோ" என்றார்.

சனிக்கிழமை விடியக் கிளம்பினோம். அம்மா வரவில்லை. ஒரு மாதிரியாக இருக்கிறது, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டாள். அத்தையும் தெருப் பிள்ளைகளும் பின்னால் ஏறிக்கொள்ள, முன் சீட்டில் நான். மாட்டுக்கு அடித்தேன், சைக்கிளுக்கு அடித்தேன், மொட்டை போட்டு நடந்துவருகிறவர்களுக்கெல்லாம் அடித்தேன். மலையேறிப் பெருமாளைக் கும்பிடும்போது, உண்மையை வெளியே கொண்டுவந்ததற்கு நன்றி என்று மனதாரச் சொன்னேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக்கொண்டு, உச்சி வெயில் தாழ வீடு வந்து சேர்ந்தோம்.

கேட் சாத்தியிருந்தது. அப்பா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, "ம், அடி" என்றார்.

எக்கி, இரண்டு கையாலும் அமுக்கினேன். ஒரு நீளம், இரண்டு குட்டை. அம்மா வரத் தாமதமானது. திரும்பவும் அடித்தேன். கொல்லையிலிருந்து ஈரக் காலோடு ஓடிவந்து கேட்டைத் திறந்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"வாயத் தொறந்து அம்மான்னு கூப்பிட்டா வர மாட்டேனாட்டி?" என்றாள்.

பிடிபட்ட கோபம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, வண்டி உள்ளே போய் நிற்கிறவரைக்கும் விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தேன்.